டொமினிக் அண்ணனின் மூன்று குழுக்களும் நானும்

மேடையில் ட்றம்ஸ்காரனைக் கடைசியாகத்தான் பார்ப்பார்கள். சோதனைச் சாவடியில் அவனைத்தான் முதலில் இறக்குவார்கள். அவ்வளவு பெரிய பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு திரிகிறவன் வேறு யார்? யுத்த காலத்தில் திருகோணமலையில் ஏழு வருடம் இந்தத் தொழில் பார்த்தேன். ஆமிக்காரர் சந்தேகப்பட்டதையாவது மறந்துவிடலாம். சந்தேகப்பட்டே என் உயிரை எடுத்தவர் எங்கள் தலைவர் டொமினிக் அண்ணன்தான். பெயர்பெற்ற ஒருவரின் கீழ் வேலை செய்து நொந்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களுக்கு நான் அதிகம் விளக்கத் தேவையில்லை.

அண்ணனை அறியாதவர்களுக்கு: றொக் கிற்றார், தோள்வரை முடி, 'கருஞ்சுறா' என்ற குழு. அதில் ட்றம்ஸ் நான். வெருகலிலிருந்து நிலாவெளி வரை அவருடைய கசெற் ஓடாத தேநீர்க்கடை இல்லை. அந்தக் கருஞ்சுறா உடைந்த பிறகுதான் என் கதை தொடங்குகிறது.

பல் தேய்க்கும் நேரத்தில்

உடைந்ததற்குக் காரணம் ஒரு மெட்டு. அது தன்னுடையது என்று டொமினிக் அண்ணனும், தான் முணுமுணுத்ததைத்தான் அவர் கிற்றாரில் வாசித்தார் என்று பாடகர் ராஜனும் உட்துறைமுக வீதியில் அண்ணன் வீட்டு வாசலில் நின்று ஊர் கேட்கச் சண்டை பிடித்தார்கள். பொதுவாக வாங்கிய வயரைக்கூட அளந்து வெட்டி ஆளுக்குப் பாதியாக எடுத்தார்கள். ட்றம்ஸ் என் சொந்தச் சாமான் என்பதால் தப்பியது.

மறுநாள் விடிய நான் கிணற்றடியில் பல் தேய்த்துக்கொண்டு நிற்க, அண்ணன் சைக்கிளில் வந்து இறங்கினார். புதுக் குழுவுக்குக் கூப்பிடத்தான் வருகிறார் என்று மனம் துள்ளியது. அந்த மனிதரின் வாசிப்பில் எனக்கு அப்படி ஒரு பைத்தியம். ஒருநாள் மேடையில் திரும்பிப் பார்த்து, இவன் என்னுடைய ஆள் என்று அவர் நினைத்தால் போதும், வேறு ஒன்றும் வேண்டாம் என்றிருந்த காலம். அவரோ, ராஜன் வந்தானா என்று கேட்டார். வாய் நிறைய நுரையோடு இல்லையென்று தலையாட்டினேன். எதற்கும் இருக்கட்டும் என்று குளியலறைத் தட்டிக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"வரேல்லையோ? அப்ப இனித்தான் வரப்போறான். நீ பத்து மணிக்கு வீட்டை வா."

நாலாம் இலக்கம்

புதுக் குழுவுக்கு 'புயல்' என்று பெயர். நாங்கள் மூன்று பேர்: அண்ணன், நான், கீபோட் வாசிக்கும் நிஸார். நிஸார் கிண்ணியாவிலிருந்து பாதை என்கிற மிதவைப் படகில் துறை கடந்து வருவான். ஆனால் நாங்கள் ஒருநாளும் சேர்ந்து பழகவில்லை. எனக்குப் பத்து மணி, அவனுக்குப் பன்னிரண்டு மணி. நான் வெளியேறும்போது கேற்றடியில் அவனைக் காண்பேன், அவ்வளவுதான். முழுப் பாட்டு ஒரு ஆளின் தலைக்குள் இருந்தால் அது ராஜன் வீட்டுக்கு நடந்துவிடும் என்பது அண்ணனின் கணக்கு. மேடையேறும் நாளில் மூன்றையும் அவர் ஒட்டிக்கொள்வாராம்.

பாட்டுகளுக்குப் பெயரும் கிடையாது. முதலாம் இலக்கம், நாலாம் இலக்கம் என்றுதான் சொல்வார். என் முன்னால் கிற்றாரைத் தொடவும் மாட்டார். மேசையில் விரலால் தட்டிக் காட்டுவார். எதற்குத் தாளம் போடுகிறோம் என்றே தெரியாமல் இரண்டு மாதம் அடித்தேன். கடைசியில் பொறுக்க முடியாமல், மெட்டை ஒருதரம் கேட்டால் நன்றாக இருக்கும் என்றேன். அண்ணன் எழுந்து போய் யன்னலைச் சாத்திவிட்டு வந்தார்.

"மெட்டு உனக்கு என்னத்துக்கு? ஆருக்குக் கொண்டுபோய்க் குடுக்கப்போறாய்?"

சட்டைக்குள் இருந்த கொப்பி

புயலின் முதல் நிகழ்ச்சி நிலாவெளியில் ஒரு கலியாணம். காலை பத்து மணிக்கு வழியில் ஆமிக்காரர் எங்களை ஏற்றிப்போன வானை மறித்தார்கள். ட்றம்ஸ் பெட்டிகளை இறக்கித் தோலைக் கழற்றிக் காட்டினேன். அது எனக்குப் பழகிப்போன வேலை. அன்றைக்கு வினையானது அண்ணன் பாட்டுகளை எழுதி வைத்திருந்த கொப்பி. அதை யாரும் களவெடுக்கக் கூடாதென்று சட்டைக்குள் வயிற்றோடு சேர்த்துக் கட்டியிருந்தார். அவிழ்த்துப் பார்த்தால் பெயரில்லாத இலக்கங்கள், பக்கம் பக்கமாக ஆங்கில எழுத்துகள், இடையிடையே கோடும் புள்ளியும். இரகசியச் செய்தி இதைவிட வேறு எப்படி இருக்கும்? எங்களை வரிசையாக நிறுத்திவிட்டார்கள். அந்தக் காலத்தில் விசாரிக்கக் கொண்டுபோன எல்லாரும் திரும்பி வரவில்லை.

இவை பாட்டுகள் என்று அண்ணன் சத்தியம் பண்ணினார். அப்படியானால் வாசித்துக் காட்டச் சொன்னார் அதிகாரி. நாலாம் இலக்கத்தை எடுத்தோம். நான் முடித்த இடத்தில் நிஸார் தொடங்கினான். அண்ணன் எங்கள் இருவரோடும் சேராமல் வேறு ஏதோ ஊரில் நின்றார். அதிகாரியின் முகம் இறுகியது. இவர்கள் பாண்ட் இல்லை என்று பக்கத்தில் நின்றவனிடம் சொன்னார். அதற்குப் பிறகுதான் அண்ணன் தோற்றார். எங்கள் இரண்டு பேரையும் வீதியோரத்தில் இருத்தி, மறித்து வைத்திருந்த இரண்டு பஸ் சனமும் பார்த்துக்கொண்டிருக்க, ஒளித்து வைத்த பாட்டை முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை சொல்லித் தந்தார். மூன்றாம் தரம் பாட்டு எழுந்து நின்றது. என்ன பாட்டு! பயத்தை மறந்து அடித்தேன். அதிகாரி கொப்பியைத் திருப்பிக் கொடுத்து, அண்ணனைக் காட்டித் தன் சிங்களம் கலந்த தமிழில் கேட்டார்.

"போங்க, பாண்ட் சரிதான். ஆனா இந்த மாத்தயா ஏன் சொந்த ஆளுக்கே பாட்டு ஒளிக்கிறது?"

பிழையான தாளம்

ஒரு மாதத்தில் ராஜன் தொடங்கியிருந்த குழு சீனன்குடாவில் ஒரு கலியாணத்தில் நாலாம் இலக்கத்தை வாசித்துவிட்டது. இரண்டு பஸ் சனம் வீதியில் கேட்டது அண்ணனுக்கு ஞாபகம் வரவில்லை. என் மனைவி ராஜன் வீடு இருக்கும் ஒழுங்கையில் பிறந்தவள் என்பதுதான் வந்தது. புயலைக் கலைத்தார். அடுத்த கிழமை அதே மூன்று பேருடன் 'தனிமரம்' தொடங்கினார். மூன்று பேர் இருக்கிற குழுவுக்கு அந்தப் பெயர் வைத்தவரிடம் என்னத்தைக் கதைக்கிறது?

இந்த முறை ஒரு பொறி வைத்தார். எனக்கு வேண்டுமென்றே பிழையான தாளம், நிஸாருக்கு வேண்டுமென்றே பிழையான சுரம். எந்தப் பிழை ராஜனின் மேடையில் கேட்கிறதோ, அதைக் கற்றவன்தான் கள்ளன். கெட்டித்தனமான யோசனைதான். ஆனால் நிலாவெளி ஹோட்டலில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நிகழ்ச்சிக்கு முன் அவற்றைத் திருத்த அவர் மறந்துபோனார். நான் நொண்ட, நிஸார் வழுக்க, இரண்டுக்கும் நடுவில் அண்ணன் வியர்த்து ஒழுக, பாட்டு ஒருவாறு முடிந்தது. நாங்கள் தலைகுனிந்து நின்றோம். கொழும்பிலிருந்து வந்திருந்த வியாபாரி ஒருவர் சாப்பாட்டை விட்டு எழுந்து வந்து அண்ணனின் கையைப் பிடித்தார்.

"அற்புதம்! கொழும்பிலகூட ஒருத்தரும் இப்பிடித் துணிஞ்சு வாசிக்கிறேல்லை."

ராஜன் வந்தார்

ராஜன் இனித்தான் வரப்போகிறான் என்று அண்ணன் அன்று கிணற்றடியில் சொன்னது கடைசியில் பலித்தது. ஒரு பின்னேரம் ராஜன் என் வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்தார். தன்னுடைய குழுவில் ட்றம்ஸ் எனக்குத்தான் என்றார். மாதத்தில் ஆறு நிகழ்ச்சி, முழுப் பாட்டும் சொல்லித் தருவாராம். மனைவி குசினிக்குள்ளிருந்து, ஓம் சொல்லுங்கோ என்று கண்ணால் காட்டினாள். நான் ஏலாது என்று சொல்லிவிட்டேன். அன்றிரவு நித்திரை வரவில்லை. அண்ணனிடம் இதைச் சொல்லலாமா? சொன்னால், ராஜன் என் வீட்டுக்கு வந்து போகிறார் என்பதற்கு அதுவே சாட்சி. சொல்லாமல் விட்டேன். ராஜன் படியிறங்கும்போது சொன்னது மட்டும் காதுக்குள் கிடந்தது.

"நீ வராட்டிலும் அவர் உன்னை நம்பப்போறேல்லை, தம்பி."

சுவரில் கண்டது

மூன்று மாதம் கழித்துத் துறைமுக மதிலில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. 'கருஞ்சுறா மீண்டும்' என்று கொட்டை எழுத்து. படத்தில் டொமினிக் அண்ணனும் ராஜனும் தோளில் கை போட்டுக்கொண்டு சிரித்தார்கள். பின்னால் நிஸார். ட்றம்ஸில் மட்டக்களப்பு ஆள் ஒருவர். எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை. நேரே அண்ணன் வீட்டுக்குப் போனேன். ஏழு வருடத்தில் முதல் தடவையாக என்னை இருக்கச் சொல்லித் தேநீர் தந்தார்.

"அண்ணை, நான் என்ன பிழை விட்டனான்?" என்றேன்.

அவர் தன் கோப்பையை மேசையில் வைத்தார். கோபம் இல்லை, கவலைப்பட்ட மாதிரியே இருந்தார்.

"பிழை ஒண்டுமில்லை. ராஜன் கூப்பிட்டும் நீ போகேல்லையாம், அவனே சொன்னவன். ஏன் போகேல்லை எண்டு எவ்வளவு யோசிச்சும் எனக்கு விளங்கேல்லை, தம்பி. அதுதான் பயமாக் கிடக்கு."

இன்றைக்கும் யாராவது கேற்றைத் தட்டினால், கதவைத் திறக்க முன்னம் இவர் எதற்கு வந்திருப்பார் என்று யோசிக்கிறேனே, ஏழு வருட உழைப்பில் எனக்கு மிஞ்சிய சம்பாத்தியம் அது ஒன்றுதான்.