பூசணி முகம் போட்ட எஞ்சின்

அக்டோபர் கடைசியில் நோர்பரி ஸ்டேஷனின் இரும்பு இருக்கை தொட முடியாதபடி குளிர்ந்து கிடக்கும். அண்ணை அதன்மேல் பழைய பேப்பரை விரித்து என்னை உட்காரச் சொல்லிவிட்டு, பிளாஸ்க் மூடியில் இஞ்சித் தேத்தண்ணி ஊற்றித் தருவார்.

நாங்கள் காத்திருப்பது ஒரு சரக்கு ரயிலின் எஞ்சினுக்காக. ஹாலோவீனுக்கென்று அதற்குச் செம்மஞ்சளும் கறுப்பும் பூசி, முகப்பில் பல்லைக் காட்டிச் சிரிக்கும் பூசணி முகம் வரைந்திருந்தார்கள்.

அண்ணைக்கு ரயில் பைத்தியம். அவரைப் போன்றவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. பெரும்பாலும் பென்ஷன் எடுத்த வெள்ளைக்காரர்கள். அவர்களுக்குள் ஒரு வழக்கம்... அந்த எஞ்சினை அன்றைக்கே போய்ப் படம் எடுத்தவர்தான் குழுவில் 'ஹாப்பி ஹாலோவீன்' சொல்லலாம். பழைய படம் செல்லாது.

"தீபாவளிக்கு மாமாவுக்கு ஒரு போன் கோல் எடுக்க நேரமில்லை. பேய்க்கு வாழ்த்துச் சொல்ல லீவு போடுறியள்" என்பேன்.

"மாமாவுக்கும் ஆரும் பெயின்ற் அடிச்சு விடட்டும், போய்ப் படம் எடுக்கிறன்."

போன ஹாலோவீனுக்கு அண்ணை ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தார். கிறிஸ்மஸைப் பற்றி டாக்டர்கள் பேசுவதை நிறுத்தியிருந்தார்கள். இதுதான் அவருடைய கடைசி வாழ்த்து என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

"ஒருக்கா போய் எடுத்துக்கொண்டு வாறியோ?" என்றார். பிறகு, "ஏலாட்டி விடு."

போனேன். தூரத்தில் அந்தச் செம்மஞ்சள் தெரிந்ததுமே கண் கலங்கிவிட்டது. நான் படமெடுக்கப் போனை அமத்தியபோது எஞ்சின் பாதி தாண்டியிருந்தது. படத்தில் மங்கலாக ஒரு செம்மஞ்சள் கோடு... ஓரத்தில் பூசணியின் ஒரேயொரு பல்.

அண்ணை போனைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார்.

"விசரி, முன்னுக்கு வரேக்கையெல்லோ அமத்த வேணும்."

"நீங்கள் எடுக்காத படம் செல்லுமோ, அண்ணை?"

"உள்ளதைச் சொல்லிக் கேட்பம்."

வாழ்த்தின் கீழே 'தங்கச்சி எடுத்தது' என்று இங்கிலிஷில் எழுதி அனுப்பினார். பதிலுக்காகப் போனை நெஞ்சில் வைத்தபடி படுத்திருந்தார். குழுவில் மூத்தவரான டேவிட்டிடமிருந்து ஒற்றைச் சொல் வந்தது. 'செல்லும்.' அதை எனக்குத் திரும்பத் திரும்ப வாசித்துக் காட்டினார்.

கிறிஸ்மஸுக்கு அண்ணை இல்லை.

இந்த வருடமும் போனேன். பேப்பர் கொண்டுபோக மறந்துவிட்டேன். குளிர் அப்படியே உடம்பில் ஏறியது. ரயில் வந்தது. அதே எண், அதே எஞ்சின்... ஆனால் மற்ற எஞ்சின்களைப் போல வெறும் நீலத்தில். பூசணி முகத்தை அழித்துப் பெயின்ற் அடித்துவிட்டார்கள்.

இருந்தாலும் முன்னுக்கு வரும்போது சரியாக அமத்தினேன். எண்கூடத் தெளிவாக வாசிக்கலாம்.

அண்ணையின் போனை இன்னும் சார்ஜில்தான் வைத்திருக்கிறேன். அன்று குழுவில் ஒருவரும் வாழ்த்துச் சொல்லவில்லை. சொல்வதற்கு அந்த எஞ்சின் இல்லையே. நானும் படத்தை அனுப்பவில்லை.

அப்போதெல்லாம் அந்தக் குளிரில் அவ்வளவு நேரம் எப்படிச் சிரித்துக்கொண்டிருந்தோம் என்று இப்போது யோசிக்கிறேன்.

அண்ணை பார்த்திருந்தால், "இப்ப எடுக்கத் தெரியுது" என்றிருப்பார். என் போனைத் திறந்தால் முதலில் தெரிவது என்னவோ, அந்த ஒற்றைப் பல்தான்.