விஷம் கண்டா

எங்கள் தேயிலை எஸ்டேட்டில் காலையில் ஆள் கணக்கு எடுக்கும் இடத்துக்குப் பெரட்டுக் களம் என்று பெயர். கங்காணி பேர் கூப்பிட்டு முடிப்பதற்குள் அங்கே ஊர்ப்பட்ட யோசனைகள் கைமாறிவிடும். சளி பிடித்த பிள்ளைக்கு மொட்டை போடலாமா, கம்பளியை வெந்நீரில் துவைக்கலாமா, விருந்துக்கு வந்த மச்சினன் கிளம்பவே இல்லையென்றால் என்ன சொல்வது, எல்லாவற்றுக்கும் அங்கே யாரிடமாவது பதில் இருக்கும்.

அதிகமாகக் கேட்கிறவள் நான்தான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். மற்றவர்களுக்கெல்லாம் ஏதோ தெரிந்திருக்கிறது, அந்தப் பாடம் நடந்த அன்றைக்கு நான் மட்டும் வராமல் போய்விட்டேன் என்ற நினைப்பு எனக்கு இன்றைக்கும் உண்டு. சும்மா வாங்கிக்கொண்டு போவது மரியாதையில்லை என்று பதிலுக்கு நானும் ஒரு யோசனை சொல்லிவிடுவேன். அப்புறம் அது தப்பாகப் போய்விடுமோ என்று கொழுந்து கிள்ளும்போதெல்லாம் அதே நினைப்பாக இருக்கும்.

கல்யாணமாகி, சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து நான் மலையேறி வந்த இரண்டாவது வருஷம் ஒரு பசு வாங்கினோம். எங்களுக்கென்று இருந்த ஒரே சொத்து அதுதான். நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் தகரம் போட்டுக் கட்டியிருந்தோம். யாராவது பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தால்தான் பால் சுரக்கும். என்னிடம் பேச்சுக்கு என்ன பஞ்சம்? என் கவலைகளையெல்லாம் அதனிடம் ஒப்பித்துக்கொண்டே கறப்பேன்.

அந்த வருஷம் மழைக்கு முன்னால் இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஒருவர் குடையும் தோல்பையுமாகக் களத்துக்கு வந்தார். ஆம்பிளைகளிடம் வெகுநேரம் பேசிவிட்டு, சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று பொதுவாகச் சொன்னார். அப்படிச் சொன்னால் நான் விடுவேனா?

"ஐயா, பசுமாட்டுக்குப் போடுவீயளா?"

களமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "சீமையில நாய்க்குக்கூடப் போடுறாங்கன்னு சொல்றாங்கம்மா. நம்ம பக்கம் இன்னும் வரலை" என்றார்.

அவர் போன பிறகும் பேச்சு ஓயவில்லை.

"மாட்டுக்குப் போட்டா அது எப்படி ரேகை வைக்கும்?"

"குளம்ப மையில முக்கி வைக்கும்."

"ஏன், அவ புருசனுக்குப் போட வேண்டியதுதான?"

"அவரு பால் கறக்க மாட்டாருல்லா!"

அடுத்த வீட்டு மதினி மட்டும் என்னைத் தனியே இழுத்துப்போய்ச் சொன்னாள். "அந்த நெனப்ப விட்டுரு ஏளா. ஒரு உசுருக்கு வெல போட்டுப் பேசுனா அதுக்குக் கண்ணுபடும்."

அதிலிருந்து களத்தில் எனக்கு இன்சூரன்ஸ்காரி என்று பெயராகிவிட்டது.

நடு மழைக்காலத்தில் மாடு தீனியைத் தொடாமல் படுத்துக்கொண்டது. முதலில் சாணி கல்லாக விழுந்தது, பிறகு அதுவும் நின்றுபோயிற்று. நான் களத்தில் கேட்டேன். சுக்கு என்றார்கள், ஓமம் என்றார்கள், விளக்கெண்ணெய், வேப்பிலைக் கொழுந்து, மாட்டைக் கிழக்கே பார்த்து மாற்றிக் கட்டு என்றார்கள். எல்லாவற்றையும் செய்தேன். எதை விடுகிறேனோ அதுதான் சரியான வைத்தியமாக இருந்துவிடுமோ என்று பயம். மாடு எழுந்திருக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, துரையின் குதிரையைப் பார்க்க மாட்டு டாக்டர் பங்களாவுக்கு வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, வளைவில் போய் நின்று ஜீப்பை மறித்தேன். மலையாளத்துக்காரர். நல்ல மனுஷன், சேற்றில் இறங்கி வந்தார். வயிற்றை அமுக்கிப் பார்த்தார், மூங்கில் குழாயில் உப்பு மருந்தைக் கரைத்துப் புகட்டினார். கையைக் கழுவிக்கொண்டே என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்:

"விஷமிக்கண்டா கேட்டோ. வெள்ளம் தாராளம் கொடுக்கணம்."

ஜீப் போய்விட்டது. நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மலைக்கு வந்து இரண்டு வருஷமாகியும் லயத்தில் தமிழைத் தவிர வேறு பாஷை என் காதில் விழுந்ததில்லை. விஷம் கண்டால் வெள்ளம். உடம்பில் விஷம் கண்டுவிட்டது, அது வெள்ளமாகப் பரவுகிறது என்று டாக்டரே சொல்லிவிட்டார். மீதியை என் காது வாங்கவே இல்லை.

மதினியிடம் ஓடினேன். அவளுக்கு முகம் வெளுத்துப்போயிற்று. அவளிடம் தாய்ப்பால் வற்றிப்போய், அவள் கைப்பிள்ளை எங்கள் மாட்டுப் பாலில்தான் வளர்ந்துகொண்டிருந்தது. படுத்த மாட்டில் அன்றைக்குக் காலையிலும் அரை டம்ளர் கறந்து கொடுத்திருந்தேன். பிள்ளையைத் தூக்கி வெளிச்சத்தில் வைத்து நாக்கைப் பார்த்தாள், கண்ணை விரித்துப் பார்த்தாள். அது அவள் மூக்கைப் பிடித்து இழுத்து விளையாடியது.

"தண்ணி மட்டும் காட்டிராத ஏளா. தண்ணி பட்டா வெசம் விறுவிறுன்னு தலைக்கு ஏறிரும்."

தண்ணீர்ச் சட்டியை எடுத்துத் தூரத்தில் வைத்தேன். மாடு அது இருக்கும் பக்கமே பார்த்துக்கொண்டு கிடந்தது. மத்தியானத்துக்குள் லயம் முழுக்க, விஷம் வைத்தது யார் என்று ஆராய்ச்சி தொடங்கிவிட்டது.

என் வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நம்ம டீக்கடைக்காரருக்கு மலையாளம் தெரியும்லா. அவருகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வா" என்றார்.

கடைக்காரர் எலப்புள்ளிக்காரர். பாலக்காட்டுக்குக் கிழக்கே, கோயமுத்தூர்த் தமிழ் பேசுகிற ஊர். நான் அழுதுகொண்டே போய் நின்றதும் பாய்லரை விட்டுவிட்டு வந்தார்.

"ஏனுங்க அம்மிணி, என்னாச்சு?"

"மாட்டுக்கு விசம்னு டாக்டரு சொல்லிட்டாரு அண்ணாச்சி."

"அவரு வாயில என்ன வந்துச்சோ அதை அப்படியே சொல்லுங்க பாக்கலாம்."

சொன்னேன். அவர் தோளில் கிடந்த துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிக்கக்கூடாது என்று அவர் படாத பாடு படுவது எனக்கே தெரிந்தது.

"வெசனப்படாதீங்கன்னு சொல்லீருக்காருங்க. விசமும் இல்ல, ஒண்ணும் இல்லீங்க. கவலப்படாத, அவ்வளவுதானுங்க. வெள்ளமுன்னா அவிங்க பாசையில தண்ணி. தண்ணி நெறையாக் குடுக்கோணும்னு சொல்லிப்போட்டுப் போயிருக்காரு. குடுத்தீங்களா?"

சேற்றில் இரண்டு தரம் வழுக்கி விழுந்து எழுந்து ஓடினேன். சட்டியை முன்னால் வைத்ததும் மாடு தலையை உள்ளே விட்டு, மூச்சு விடக்கூட நிமிராமல் குடித்தது. இன்னொரு சட்டி வைத்தேன், அதையும் குடித்தது. என் வீட்டுக்காரர் ஓடைத்தண்ணீர் கொட்டும் பீலியிலிருந்து குடம் குடமாகக் கொண்டுவந்து ஊற்றிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் விடியும்போது மாடு எழுந்து நின்றது. கொட்டகை முழுக்கச் சாணி. அதைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஆனால் லயத்தில் பரவிய சொல்லை யார் திரும்ப அள்ளுவது? டாக்டர் சொன்னது இன்னது என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள், யாரும் பால் கேட்டு வரவில்லை. மதினி பிள்ளைக்கு அரிசிக் கஞ்சியைப் புகட்டிப் பார்த்தாள். அது துப்பித் துப்பி அழுதது, சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

பால் பழையபடி இறங்கியதும், கறந்த சூட்டோடு செம்பை எடுத்துக்கொண்டு அவள் வாசலுக்குப் போனேன்.

"அந்தக் கடைக்காரன் சரியாத்தான் சொன்னானா?" என்றாள்.

நான் அங்கேயே நின்று செம்பிலிருந்து ஒரு டம்ளர் ஊற்றிக் குடித்தேன். அவள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு என் முகத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நானும் உட்கார்ந்தேன். மழை ஒரு பாட்டம் பெய்து ஓய்ந்தது.

"வயித்துல எதும் பண்ணுதா?"

"பசிக்குது மதினி."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டம்ளரை நீட்டினாள். "பாதி ஊத்து. இன்னைக்குப் பாதி போதும்."

பாதிதான் ஊற்றினேன். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் அந்தப் பாதியைக்கூட வாங்கியிருக்க மாட்டேன்.