ஒருத்திக்கு லீவு, ஒருத்திக்கு மெமோ

மெமோ எழுதுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை. நெருப்பெரிச்சல் என்ற ஊர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் இருபத்தாறு வருடம் ஹெச்.ஆர். ஆக இருந்தேன். மனிதர்களைப் புரிந்துகொள்வதற்காகச் சம்பளம் வாங்கியவன் என்று அர்த்தம். சிரிப்பவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளலாம்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம். தைத்த பனியனில் ஓட்டை தேடும் செக்கிங்கில் ஒரே மேசையில் இரண்டு பெண்கள், இருவருக்கும் பத்தொன்பது வயது, ஹாஸ்டலிலும் ஒரே ரூம். செல்விக்குத் தென்காசிப் பக்கம். அம்மா இறந்து நாலு மாதம். நித்யாவுக்குத் தாராபுரம் பக்கம். வீட்டில் எல்லோரும் நலம். இரண்டு பேருமே சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை. ஓட்டை விழுந்த பீஸையெல்லாம் நல்ல பீஸோடு சேர்த்துப் பேக்கிங்குக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

மேனேஜர் கொதித்துப்போய் வந்தார்.

"ஏனுங்க, இதுக்குத்தான் உங்களை உக்கார வெச்சிருக்கறமுங்களா? சரக்கு வாங்கற பையர்கிட்ட என்னால திட்டு வாங்க முடியலீங்க!"

எங்கள் செக்கிங்கில் ஒரு பழக்கம். ஓட்டையைக் கண்டால் முதலில் அது நிட்டிங் மெஷினில் விழுந்ததா, தையல் ஊசியால் விழுந்ததா என்று பார்ப்போம். பழியை யார் தலையில் கட்டுவது என்று தெரிய வேண்டுமே! அதே மூளையோடு அந்தப் பெண்களையும் பிரித்தேன். செல்விக்குக் காரணம் இருக்கிறது. ஆகவே பத்து நாள் லீவு, கூடவே "போகப் போகச் சரியாப் போயிரும் கண்ணு" என்று இலவச ஆறுதல். நித்யாவைக் கூப்பிட்டு விசாரணை.

"அப்பா அம்மா நல்லாத்தான இருக்காங்க?"

"ஆமாங்க சார்."

"லவ்வா?"

"இல்லீங்க சார்."

"பின்ன எதுக்கு கண்ணு இப்படி?"

"தெரியலீங்க சார்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'தெரியலீங்க' என்று எழுத என் படிவத்தில் கட்டமே கிடையாது. ஏற்கெனவே இரண்டு வாங்கியிருந்தவளுக்கு மூன்றாவது மெமோவை அடித்தேன். மூன்றாவது என்றால் ஊருக்கு பஸ் ஏற வேண்டியதுதான்.

மறுநாள் காலை அந்த மெமோவோடு என் முன்னால் நின்றது, லீவு கொடுத்தும் ஊருக்குப் போகாத செல்வி.

"சார், எங்கம்மா செத்துச்சுன்னு எனக்கு லீவு குடுத்தீங்க. அவ வீட்ல யாரும் சாகல, அதான் மெமோ. ரூம்ல ரெண்டு பேரும் ஒண்ணுபோலத்தான் விட்டத்தப் பாத்துக்கிட்டு கெடக்கோம். காலைல முழிக்கவே வேண்டாம்னுதான் ரெண்டு பேருக்கும் இருக்கு."

ஒருத்தியைத் துரத்தப் பார்த்தேன் சரி. இன்னொருத்தியை ஆறுதல் சொல்லியே நாலு மாதம் கவனிக்காமல் விட்டிருக்கிறேன்.

அன்றைக்கே கம்பெனி வேனில் இருவரையும் மனநல டாக்டரிடம் கூட்டிப்போனேன். அந்த டாக்டரம்மா தனித்தனியாக நெடுநேரம் பேசினார். பிறகு பெண்களிடம் கேட்டுக்கொண்டு என்னை உள்ளே அழைத்தார். அங்கேயும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"செல்விக்கு அம்மா தவறின துக்கந்தானுங்களே டாக்டர்?"

"துக்கம் வந்து வந்து போகும் சார். நடுவுல பசிக்கும், சிரிப்பு வரும். இந்தப் பொண்ணுக்கு நாலு மாசமா எதுவுமே வரல. அம்மாவைப் பத்திப் பேச இவளுக்குத் தனியா நேரம் வேணும். மத்தபடி ரெண்டு பேருக்கும் ஒரே வியாதிதான். எந்தக் கொசு கடிச்சதுன்னு தெரிஞ்சுட்டா காய்ச்சல் தானா இறங்கிருமா?"

திரும்பி வந்ததும் மேனேஜர் கேட்டார், "டிப்ரஷனாமா? நமக்கெல்லாம் வராததுங்களா?"

"நமக்கு வந்தா நாம மத்தவங்களுக்கு மெமோ குடுப்பமுங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை, ஆனால் நித்யாவைத் துரத்தவும் இல்லை. மெமோவை வீராப்பாகக் கிழித்துப் போட்டேன். கம்ப்யூட்டரில் இருந்த காப்பியை அழிக்கத் தெரியாமல் அரை மணி நேரம் முழித்தது தனிக் கதை.

ஓட்டை எந்த மெஷினில் விழுந்தது என்பது நமக்குள் சண்டை போடத்தான் உதவும். ஹெச்.ஆர். வேலைக்கு வருகிற தம்பி தங்கைகளே, 'ஏன்' என்று கேட்கும் முன் 'சாப்பிட்டாயா, தூங்கினாயா, எத்தனை நாளாக இப்படி' என்று கேளுங்கள்.

சிகிச்சையில் நித்யா சீக்கிரம் தேறினாள். செல்விக்கு நாளானது. ஒரு மத்தியானம் கேன்டீனிலிருந்து தட்டோடு நேராக என் மேசைக்கு வந்தாள்.

"உப்புமில்ல, புளியுமில்ல. இந்தச் சாம்பார மனுசன் திம்பானா சார்?"

இருபத்தாறு வருடத்தில் நான் சந்தோஷமாக எழுதி வாங்கிய ஒரே கம்ப்ளைண்ட் அதுதான்.