சுதாவின் கம்ப்யூட்டரில் ஏறாத சாஃப்ட்வேர்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மயிலாப்பூரில் என் மச்சினி சுதாவின் வீட்டுக்குப் போனேன். சாப்பாட்டு மேஜையில் சாப்பாடு இல்லை. கம்ப்யூட்டர் இருந்தது. அதன் எதிரே சுதா. முகம் சரியில்லை.

"ஏற மாட்டேங்கறது, அத்திம்பேர்" என்றாள்.

சுதா எலெக்ட்ரானிக்ஸ் இன்ஜினீயர். குழந்தை பிறந்ததும் நந்தனத்தில் பார்த்துவந்த வேலையை விட்டுவிட்டாள். இப்போது அந்த ஆபீஸிலிருந்தே கூப்பிட்டு ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். தறியில் நூல் அறுந்தால் மோட்டாரை நிறுத்துகிற சர்க்யூட். கம்ப்யூட்டரில் அதை வரைந்து, ஒன்றும் எழுதாத ஒரு சிப்புக்குள் அப்படியே ஏற்றிவிடலாமாம். ஒழுங்காக முடித்தால் இனி வீட்டிலிருந்தே வேலை. வெள்ளிக்கிழமை காட்ட வேண்டும்.

வரைவதற்கான சாஃப்ட்வேர் சிடியில் வந்திருந்தது. போட்டால், 'இந்த லினக்ஸுக்கு இல்லை' என்று இங்கிலீஷில் ஒரு வரி... அப்புறம் மௌனம். லினக்ஸ் என்பது கம்ப்யூட்டரையே இயக்குகிற அடிப்படை சாஃப்ட்வேர். அதில் பல ரகம் உண்டாம். சுதாவிடம் இருந்தது பத்திரிகையோடு இலவசமாக வந்த ரகம்.

சிடியை விற்றவர்களுக்கு முந்தின நாளே போன் செய்திருந்தாள்.

"இதுல ஓடாதா சார்?"

"அப்படிச் சொல்லல மேடம். நாங்க போட்டுப் பாக்கல. அவ்வளவுதான்."

யாரும் போட்டுப் பார்க்காததையெல்லாம் முடியாதது என்று நினைத்து, நாம் எத்தனை காரியத்தை விட்டிருக்கிறோம்?

"ஆபீஸ் கம்ப்யூட்டர்ல பண்றேன்னு கேளேன்" என்றார் அவள் கணவர்.

"கேட்டா, ஆத்துலேர்ந்து இதெல்லாம் சரிப்படாதுன்னு அவா முடிவே பண்ணிடுவா" என்றவள், குழந்தையை என் மடியில் விட்டாள்.

சாஃப்ட்வேரை ஏற்றுகிற ஃபைலைத் திறந்து, வரிவரியாகப் படித்தாள். லினக்ஸின் பெயரைச் சோதிக்கிற இடத்தைக் கண்டுபிடித்து, அதைத் தாண்டிப் போகச் செய்தாள். ஏறிவிட்டது. ஆனால் திறந்தால் உடனே மூடிக்கொண்டது.

சைதாப்பேட்டையில் இருக்கும் கல்லூரித் தோழி செல்விக்குப் போன் போட்டாள். செல்வியின் குரல் எனக்கே கேட்டது.

"உன்னுது புது லினக்ஸுடி. அந்த சாஃப்ட்வேரு ஓடறதுக்குக் கேக்கறது பழைய லைப்ரரி ஃபைலு. என்னாண்ட கீது. எடுத்துக்கினு வரேன், காபி போட்டு வை."

ஃப்ளாப்பிகளோடு ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். பழைய ஃபைல்களைத் தனி இடத்தில் வைத்து, இந்த சாஃப்ட்வேர் மட்டும் அங்கே போய்த் தேடும்படி செய்தார்கள். சுதா மறுபடி திறந்தாள்.

திரையில் வரைகிற பலகை விரிந்தது — மூடவில்லை. செல்வி சுதாவின் தோளைப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்கினாள். காபி ஆறிப்போயிருந்தது.

வெள்ளிக்கிழமை நந்தனத்தில் சுதாவின் சிப்பைத் தறியில் மாட்டி, நூலை அறுத்துப் பார்த்தார்களாம். மோட்டார் நின்றது. அடுத்த வேலையையும் கையோடு கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

சுதா விற்றவரையும் கூப்பிட்டு, செய்ததையெல்லாம் விவரமாகச் சொல்லியிருக்கிறாள். நேற்று அவரே போன் செய்தாராம்.

"மேடம், அடையாறுல ஒருத்தர் இதே லினக்ஸ வெச்சுக்கிட்டு முழிச்சிட்டிருக்கார். உங்க நம்பரக் குடுக்கலாமா?"

"தாராளமா" என்றாளாம் சுதா. "குழந்தை தூங்கற நேரமாப் பாத்து, ரெண்டு மணிக்கு மேல பண்ணச் சொல்லுங்கோ."