நான் பார்க்காத ஏணிப் பாட்டு

போன வாரம் மூக்குக் கண்ணாடியின் காம்பு உடைந்துபோய், அதைச் சரிபண்ணக் கடைத்தெருவுக்குப் போனேன். கண்ணாடிக் கடையை ஒட்டி ஒரு வெல்டிங் பட்டறை. இரும்பு கேட் ஒன்றுக்குப் பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள். நீல வெளிச்சம் பளீரென்று அடித்தது. கூடவே கரியும் இரும்பும் சேர்ந்து கருகுகிற அந்த நெடி வந்து உச்சந்தலையில் ஏறியது. நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

"பெரிவரே, அதப் பாக்காதீங்க, கண்ணு பூடும்" என்றார் பட்டறைக்காரர்.

"நான் பாக்கலப்பா, மோந்துகினு கீறேன்" என்றேன். அவர் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். எண்பதை நெருங்குகிறவன் பட்டறை வாசலில் கண்ணை மூடி மூச்சை இழுத்துக்கொண்டு நின்றால் யார்தான் பார்க்கமாட்டார்கள்?

அது டூரிங் டாக்கீஸின் வாசனை. இரண்டாவது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில் எங்கள் திருத்தணிக்கு வருஷத்தில் சில மாதம் கூடாரம் அடித்துப் படம் காட்டுவார்கள். படம் ஓட்டும் மெஷினுக்குள் இரண்டு கார்பன் குச்சிகள் எரியும். அந்த வெளிச்சத்தில்தான் படம் தெரியும். புகை ஒரு தகரக் குழாய் வழியாக வெளியே வரும். உள்ளே மணலில் உட்கார்ந்திருந்தவர்களுக்குப் படம். வெளியே உட்கார்ந்திருந்த எனக்கு அந்தப் புகை. என் சினிமா ரசனையில் பாதிக்கு மேல் மூக்கால் வந்ததுதான்.

ஏன் வெளியே என்று கேட்பீர்கள். கையில் காசு இருந்தது, வயது இருபத்திரண்டு. மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வாத்தியார். வேலைக்குச் சேர்ந்த அன்றே ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள்: புகை பிடிக்கமாட்டேன், சீட்டாடமாட்டேன், சினிமாக் கொட்டகைக்குள் பிரவேசிக்கமாட்டேன். மீறினால் சீட்டுக் கிழிந்துவிடும். நான் மிகவும் யோக்கியன். ஆகவே பிரவேசிக்கவில்லை. கூடாரத்துக்குப் பின்னால் இருந்த சோடாக் கடையின் பெஞ்சில் உட்கார்ந்தேன். "உள்ளே" என்ற சொல்லுக்கு நான் கொடுத்த மரியாதையை அந்தப் பள்ளிக்கூடத்தில் வேறு யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள்.

சோடாக் கடைக்குப் பக்கத்தில்தான் மின்சாரத்துக்கான ஆயில் எஞ்சின். அது டுக்டுக்கென்று போடுகிற சத்தத்தில் வசனம் ஒன்றும் காதில் விழாது. பாட்டு வந்தால் மட்டும் ஆபரேட்டர் சத்தத்தைக் கூட்டுவார். அதிலும் மெட்டும் குரலும்தான் வெளியே வரும், வார்த்தைகள் கூடாரத் துணியிலேயே தங்கிவிடும். அந்தக் காலத்துப் படங்களில் பாட்டுக்குப் பஞ்சமில்லை. ராஜாவுக்குக் கடிதம் வந்தால் பாட்டு, அதைப் படித்தால் இன்னொரு பாட்டு. நான் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு பாட்டுக்கும் நானே ஒரு காட்சியைக் கட்டிக்கொள்வேன். குழந்தையைத் தொட்டிலில் ஆட்டிக்கொண்டு தாய் பாடுகிறாள் என்று நான் உருகிக் கேட்ட ஒரு தாலாட்டு, உண்மையில் கதாநாயகி தோழிக்குப் பேன் பார்த்துக்கொண்டே பாடியது என்று பிற்பாடு தெரிந்தது.

பிற்பாடு தெரிவித்தவள் பாக்கியம். என் மாமன் மகள். மணவூர்க்காரி.

அவளை எனக்குக் கட்டிவைப்பதாகச் சின்ன வயதிலிருந்தே பேச்சு. ஆனால் அந்த வருஷம் நடுவில் அரக்கோணத்தில் லோகோ ஷெட் ஃபிட்டர் ஒருவன் முளைத்துவிட்டான். ரயில்வே வேலை. மூன்றாம் வகுப்பு வாத்தியார் அவன் பக்கத்தில் நிற்க முடியுமா? என்னிடம் இருந்த ஒரே சரக்கு, பாட்டுக் கட்டுவது. மாமா மணவூரில் பஜனை கோஷ்டி வைத்திருந்தார். ஆடிக் கிருத்திகைக்குப் புஷ்பக் காவடியோடு பாடிக்கொண்டே மலையேறுவார்கள். அந்த வருஷம் அவரே சொன்னார்: "புதுப் பாட்டு ஒண்ணு கட்றா மாப்ளே. படியெல்லாம் நம்ம பாட்டாவே இருக்கணும். அப்புறம் பாக்கலாம், ரயிலா வாத்தியாரானு." ஃபிட்டரின் அம்மாவும் அன்றைக்குக் காவடி பார்க்க வருவதாக ஏற்பாடு.

அப்போது காவடிப் பாட்டு எழுதுகிறவர்கள் எல்லோரும் சினிமா மெட்டில்தான் எழுதினார்கள். பாட்டின் தலையில் "இன்ன மெட்டு" என்று வெட்கமில்லாமல் போட்டுக்கொள்வார்கள். எனக்கும் சரியான நேரத்தில் ஒரு படம் வந்து சேர்ந்தது. அதில் ஓர் ஆண்குரல் பாட்டு. மெதுவாக ஆரம்பித்து, மூச்சை இழுத்து இழுத்து, ஏறி ஏறிப் போய், உச்சியில் சட்டென்று அறுந்து நிற்கும். ஒரு விம்மல். பிறகு குரல் அப்படியே சறுக்கிக் கீழே வரும். அந்த இடத்தில் கொட்டகையே "ஹோ"வென்று அலறும். "ஒன்ஸ் மோர்!" என்று கூச்சல் போடுவார்கள். ஆபரேட்டர் ரீலைத் திருப்பி மறுபடியும் ஓட்டுவார். எனக்குப் புல்லரித்தது. வயோதிக பக்தர் ஒருவர் மலையேற முடியாமல் விழுந்து, எழுந்து, ஆண்டவனைக் கூப்பிட்டு விம்முகிறார். ஜனங்கள் பக்தி தாங்காமல் அலறுகிறார்கள். நம் ஊர்க்காரர்களுக்கு இவ்வளவு பக்தியா என்று எனக்கே கண் கலங்கியது. காகிதப் பஞ்சத்தில் பாட்டுப் புத்தகமும் வரவில்லை, இல்லாவிட்டால் கதைச் சுருக்கத்தைப் படித்தாவது தப்பித்திருப்பேன்.

நான்கு நாள் நான்கு சோடா குடித்து மெட்டைப் பிடித்தேன். எழுதினேன்:

ஒருபடி ஏறினேன் கந்தையா – உடன்
இருபடி சறுக்கினேன் கந்தையா
கைகொடு கைகொடு கந்தையா – என்னைக்
கரையேற்ற வா வா கந்தையா

அந்த வாரம் பாக்கியம் எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தாள். அவளை ரொம்பவும் மதித்து, முதலில் அவளுக்குத்தான் பாடிக் காட்டினேன். முதல் வரியிலேயே அவள் முகம் மாறியது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"வேற மெட்டு போடுங்க பாவா" என்றாள். அத்தை மகனை எங்கள் பக்கத்தில் பாவா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ஏன்?"

"இது வேணாம். அவ்ளோதான்."

"சங்கீதம் உனக்கு இன்னா தெரியும்?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு உள்ளுக்குள் நொறுங்கிப்போனேன். பாட்டு நன்றாக இருந்தால் எனக்குக் கழுத்தை நீட்ட வேண்டுமே என்று தட்டிக் கழிக்கிறாள். ஃபிட்டர்மேல் ஆசை வந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் பாட்டை மாற்றவில்லை. மாமாவுக்கும் கோஷ்டிக்கும் சொல்லிக்கொடுத்தேன். அவர்கள் மணவூர்க்காரர்கள், படம் அங்கே போகவில்லை. மாமாவோ சினிமா நோட்டீஸைக்கூடப் படம் வெளியே தெரியாமல் மடித்துத்தான் வைப்பார்.

கிருத்திகை வந்தது. காலை வெயில், மலைப்படியில் தலை தலையாய் ஜனம். இந்தப் பக்கம் தமிழில் அரோகரா, அந்தப் பக்கம் தெலுங்கில் கோவிந்தா மாதிரி ஒரு கூச்சல். மாமா முன்னால், கழுத்தில் ஆர்மோனியம். பின்னால் நாலு காவடி. பாதி மலையில் என் பாட்டை எடுத்தார். என்ன குரல் அவருக்கு! ஏறி ஏறிப் போய், உச்சியில் அறுத்து நிறுத்தி, நான் சொல்லிக்கொடுத்தபடியே விம்மினார்.

படியெல்லாம் "ஹோ"வென்று அலறியது.

மாமாவுக்கு முகமெல்லாம் பல். என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார். அடுத்த அடி பாடும்போது அரக்கோணம் கோஷ்டி ஆள் ஒருவன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, விக்கிக்கொண்டே, ஒரு படி கீழே சறுக்கினான். சிரிப்பு. எங்கிருந்தோ "ஒன்ஸ் மோர்!" என்று குரல். முருகன் சந்நிதிப் படியில் ஒன்ஸ் மோர்! மாமா அதையும் பக்தி என்றே எடுத்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய முதலிலிருந்து பாடினார். மூன்று தடவை. காவடி தூக்கிய ஆட்களே தோள் குலுங்கச் சிரித்துப் பூவெல்லாம் உதிர்ந்தது. ஏதோ கோளாறு என்று எனக்குத் தெரிந்தது, என்ன என்று தெரியவில்லை.

மேல் மண்டபத்தில் யாரோ மாமா காதில் சொன்னார்கள். பக்தருமில்லை, மலையுமில்லை. குடித்துவிட்டு வந்த புருஷன், பரணில் பெண்டாட்டி ஒளித்துவைத்த பணமுடிப்பை எடுக்க ஏணியில் ஏறுகிறான். அவள் கீழே இருந்து ஏணியை ஆட்டுகிறாள். அவன் விக்கிக்கொண்டே சறுக்கிச் சறுக்கி விழுகிறான். அந்தப் படத்துக்கே அந்தப் பாட்டுக்காகத்தான் கூட்டம்.

மாமா ஆர்மோனியத்தைக் கழற்றிக் கீழே வைத்தார். "குடிகாரன் பாட்டையா சாமிக்குப் பாட வெச்சே? படத்தப் பாத்துட்டு வேணும்னே செஞ்சியா?"

"நான் படம் பார்க்கல மாமா. நாலு நாளும் வெளியில உக்காந்து கேட்டேன்."

"நாலு நாளா வெளியில?" என்று ஃபிட்டரின் அம்மா சிரித்தாள். "காசு வெச்சிகினு வெளியில குந்தி எவனாவது கேப்பானா? நல்ல வாத்தியாரு!"

கூட்டத்தில் எங்கள் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் நின்றுகொண்டிருந்தார். பெண்ணும் போயிற்று, வேலையும் போயிற்று என்று நினைத்தேன். உண்மையைச் சொல்லியும் நம்ப ஆளில்லை. என் யோக்கியதையே அவ்வளவு முட்டாள்தனமாக இருந்தது.

அப்போது பாக்கியம் தன் அப்பாவுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"நைனா, பாவா உள்ள வர்ல. வெளியிலதான் சோடாக் கடை பெஞ்சில குந்திகினு, கண்ண மூடிகினு தலையாட்டிகினு இருந்தாரு. நான் துணி சந்தில பாத்தேன்."

"நீ எங்க இருந்து பாத்தே?"

"உள்ள இருந்து" என்றாள். "மலைக்குப் போறேன்னு அத்தகிட்ட சொல்லிட்டுப் பக்கத்து வீட்டுக்காரம்மாகூட படத்துக்குப் போனேன். பொம்பளைங்க பக்கம்."

அவள் அழவில்லை, தலையும் குனியவில்லை. அவள் ஏன் வேறு மெட்டுப் போடச் சொன்னாள் என்று அப்போதுதான் என் மண்டைக்கு ஏறியது. சொன்னால் அவள் மாட்டிக்கொள்வாள், சொல்லாவிட்டால் நான். கடைசியில் என்னைக் காப்பாற்றத் தன்னையே காட்டிக்கொடுத்துவிட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, அழுதேன்.

பொய் சொல்லிவிட்டு சினிமாவுக்குப் போன பெண் தங்கள் வீட்டுக்கு ஆகாது என்று ஃபிட்டரின் அம்மா படியிறங்கினாள். மாமா எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆங்... உனக்கு இதுதான், இதுக்கு நீதான்" என்றார். டிரில் மாஸ்டர் யாரிடமும் வாய் திறக்கவில்லை. உள்ளே வராதவனைப் பற்றிச் சொல்ல அவருக்கு மட்டும் என்ன இருக்கிறது?

கல்யாணத்துக்கு அப்புறமும் பல வருஷம் அந்தக் கையெழுத்து என்னைக் கட்டிப்போட்டது. பாக்கியம் படம் பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொல்லுவாள். சொல்வதென்ன, நடித்தே காட்டுவாள். எத்தனை படம் வந்தாலும் நான் கேட்பது ஒன்றுதான். பரணில் சாத்தியிருக்கும் மூங்கில் ஏணியில் மூன்று படி ஏறி, புடவையைச் செருகிக்கொண்டு, விக்கி, சறுக்கி இறங்குவாள். அவள் பாடுவது என் கந்தையா வரிகளைத்தான். நான் "ஒன்ஸ் மோர்" என்பேன். "போங்க பாவா, அடுப்புல கொழம்பு கொதிக்குது" என்றுகொண்டே மறுபடியும் ஏறுவாள்.

பின்னால் அந்த விதி போயிற்று. அந்தப் படத்தை ஒரு தடவையாவது பார்க்கவேண்டும் என்று அலைந்தேன். அது எந்த ஊருக்கும் திரும்பி வரவில்லை. பழைய படச் சுருள்கள் சேகரிக்கும் ஒருவரிடம் ஆள் விட்டுக் கேட்டேன். அதில் ஒரு சுருள்கூட மிஞ்சவில்லை என்றார். கூடாரம் அடித்த இடத்தில் இப்போது கடைகள். சோடாக் கடை எங்கே இருந்தது என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை. எஞ்சின் சத்தமில்லாத ஊர் ஆகிவிட்டது. பாக்கியம் போய் நாலு வருஷம் முடிந்தது.

அந்தக் காட்சி இன்றும் எனக்குக் கண்ணை மூடினால் தெரிகிறது. அதில் குடிகாரன் இல்லை. மூன்றாவது படியில் நின்று, என்னைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு விக்குகிறவள்தான் இருக்கிறாள். பட்டறை வாசலில் அன்றைக்கு நான் என்னை மறந்து "ஒன்ஸ் மோர்" என்று சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பட்டறைக்காரர் பாவம், மறுபடியும் ஒரு தடவை பற்றவைத்துக் காட்டினார்.