மானிய அதிகாரி ஏறிய மின்வண்டி

நாட்டு மக்களுக்கு ஓர் அதிமுக்கிய அறிவிப்பு: பயமறியாத வீரனான எனக்கு இன்று வியர்த்தது.

புக்கிட் பாத்தோக்கில் மூத்தோரை எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு ஏற்றிச்செல்லும் எங்கள் சிறு மின்வண்டி அரசாங்க மானியத்தில் ஓடுகிறது. அதன் தமிழ் அறிவிப்புக் குரல், தொண்டூழியனான என்னுடையது. கடைசி அறிவிப்பை நேற்றுதான் குறும்பாக மாற்றிவைத்தேன்.

இன்று, மானியத்தை நீட்டிக்கலாமா என்று பார்க்க ஒரு தமிழ் அதிகாரி ஏறினார்.

சக்கரநாற்காலியிலிருந்த ராஜு அங்கிள் என் காதில், "ஒழுங்கா இரு லா. வண்டி நின்னுட்டா டயாலிசிஸுக்கு நான் எப்படிடா போவேன்?" என்றார்.

அறிவிப்பை மாற்ற நேரமில்லை. எம்ஆர்டி வந்தேவிட்டது.

"அடுத்த நிறுத்தம், சொர்க்கம். ரிட்டர்ன் கிடையாது."

அதிகாரி திரும்பினார். "யார் வாய்ஸ் இது?"

"தெரியாது மேடம்" என்றேன்.

அதே குரலில்.

முடிவு திங்கட்கிழமையாம். அதுவரை அங்கிள் கண்ணில் படாமலிருக்க இடம் தெரிந்தால் சொல்லுங்கள். வீரன் கட்டிலுக்கடியிலிருந்து கேட்கிறேன்.