மூன்று அசை, மூன்று அடி

கோடு போடும் கருங்காலி 'அடிமட்டம்' மேசை விளிம்பில் விழும் ஓசையைக் கேட்டால் என் உள்ளங்கை இன்றும் தானாக மூடிக்கொள்கிறது. மலாய் நாட்டு ஜார்ஜ் டவுனில் ஒரு பிரெஞ்சுக்காரி தன் வீட்டு மாடியில் நடத்திய சிறு பள்ளியில், பத்து வயதில் நான் கேட்ட ஓசை அது. 'மதாம்' என்று நாங்கள் அழைத்த அவளை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் எண்ணமும் இல்லை.

பல சொற்களைச் சிறு கோட்டால் கோத்து ஒரே பெயராக்கிய பிரெஞ்சுத் தொகைச்சொற்களை நாங்கள் அசை பிரித்து வாசிக்கவேண்டும். பிழைவிட்டால் எல்லோரும் பார்க்கக் கீழ்வகுப்பின் வாங்குப் பலகைக்கு இறங்கவேண்டும். எனக்கு வாய்த்தது வானவில்லைக் குறிக்கும் சொல். 'ஆர்க்', 'ஆன்', 'சியெல்' என்று எழுதியிருக்கும். மதாமோ 'ஆர்-கான்-சியெல்' என்பாள். அந்த 'க்' ஏன் இடம் மாறுகிறது என்று விளங்காமல் முதல்நாள் மாலை அழுதேன். கப்பல் கம்பனியில் கிளார்க்காக இருந்த என் தகப்பனார், ஐயா, சிரித்தார்.

"இதுக்கே அழுறாய், பிள்ளை? பாலும் ஆடையும் சேந்தால் பால், ஆடை எண்டு நிண்டு நிண்டோ சொல்லுவாய்? பா-லா-டை! கடைசி மெய் பக்கத்து உயிரோடை ஓடியிடும். அவங்கடை பாஷையிலையும் அதே கூத்துத்தான்."

மறுநாள் பிழையின்றிச் சொன்னேன். மதாமுக்குச் சந்தேகம். யார் சொல்லித் தந்தது என்றாள். எங்கள் தமிழிலும் இப்படித்தான் என்று பெருமையோடு பாலாடையைச் சொல்லிக் காட்டினேன்.

"கூலிகளின் உளறலையா என் மொழியோடு சேர்க்கிறாய்?"

அசைக்கு ஒன்றாக மூன்று அடி. சரியாகச் சொன்னவளைத்தான் அன்று கீழ்வகுப்புக்கு இறக்கினாள். பள்ளி விட்டதும், "ஏய் பா-லா-டை! அழுது காட்டு லா!" என்று வகுப்புப் பிள்ளைகள் கைதட்டிக்கொண்டே தெருமுனைவரை பின்னால் வந்தார்கள்.

இப்போது என் மகள் சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சைக்குப் பிரெஞ்சு படிக்கிறாள். தேறமாட்டாளோ என்ற பயத்தில் நானே பாடம் கேட்கிறேன். போன வாரம் அதே சொல்லில் மூன்றாம் முறையும் 'ஆர்க்' என்று நின்றாள்.

"நடுவிலை கோடு கிடக்குதே அம்மா, அதிலை நிக்கவேண்டாமோ?"

நியாயமான கேள்வி. பதிலை ஐயா எனக்கு எப்போதோ தந்துவிட்டார். ஆனால் பாலாடை என் நாவுக்கு வரவில்லை; அடிமட்டம் கைக்கு வந்தது. 'ஆர்', 'கான்', 'சியெல்'. எண்ணி மூன்று.

மதாம் ஊரைவிட்டுப் போய்விட்டாள். பள்ளி இருந்த வீட்டில் இப்போது சைக்கிள் கடை. ஐயாவும் இல்லை. நேற்று மாலை மழை விட்டதும் கிழக்கே, கடலுக்கு மேலே, முழு வானவில் தெரிந்தது. "பிள்ளை, ஓடிவா, வந்து பார்!" என்று மகளைக் கூப்பிட்டேன். வந்தாள். வானத்தைப் பார்க்கவில்லை. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"ஆர்-கான்-சியெல்," என்றாள், ஒரு பிழையும் இல்லாமல்.